பிரதியில் விழாத நீலக் கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில், திருகோணமலையில் வெளிநாட்டு உதவியோடு நடந்த ஒரு குடிதண்ணீர்த் திட்டத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்தபோது, கணக்குப் படித்தவள் என்று என்னைக் கொழும்புக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கூடவே வரைபு கீறும் இயந்திரம் ஒன்றும் வந்தது. தாளின் மேல் ஒரு கை ஓடும். அதற்குக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று பேனாக்கள். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் பேனா மாறும். இன்னொரு வரியை மாற்றினால் கோடு விட்டுவிட்டுப் போகும். எழுத்தின் அளவு, அச்சில் எண்கள் எங்கே தொடங்க வேண்டும், எல்லாம் நான் தட்டுவதுதான். துறைமுகத்து உப்புக் காற்று இயந்திரத்துக்கு ஆகாது என்று யன்னல்களைப் பூட்டியே வைத்திருப்போம். வியர்த்துக் கொட்டும். ஆனாலும் அந்த வேலையை விரும்பிச் செய்தேன்.

கடற்கரை ஊர்களின் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று மாதாமாதம் அளந்தார்கள். அதை வரைபாக்குவது என் பொறுப்பு. எந்த ஊருக்கு முதலில் குழாய்த் தண்ணீர் என்பதைக் கொழும்பில் ஒரு கூட்டம் முடிவு செய்யும். எல்லாக் கோடுகளுக்கும் மேலே போனது இறக்கக்கண்டியின் கோடு. அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் கடலுக்குப் போகிறவர்.

ஒருநாள் போயிருந்தபோது அக்கா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியவில்லை.

"பால் விட்டால் திரைஞ்சு போகுது. பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும் ஏலாது," என்றாள். "உங்கட கந்தோரில இதைச் சொல்லமாட்டியே?"

"சொல்லத்தான் படம் கீறுறம் அக்கா," என்றேன்.

அந்தப் படத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இறக்கக்கண்டிக்குச் சிவப்பு, மற்ற ஊர்களுக்குக் கறுப்பும் பச்சையும். குடிக்கக்கூடிய உப்பின் எல்லையைக் காட்ட, தாளின் குறுக்கே ஒரு நேர்கோடு வேண்டும். அதற்கு மேலே போன தண்ணீர் வாயில் வைக்க உதவாது. எங்கள் எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பின்னால் நின்று பார்த்தவர், "எல்லையை நீலத்தில கீறுங்கோ பிள்ளை, வடிவாயிருக்கும்," என்றார். கீறினேன். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. சிவப்புக் கோடு நீலத்தைத் தாண்டி ஏறுவதை எழுத்துத் தெரியாதவர்கூடக் கண்டுவிடுவார்.

கொழும்புக் கூட்டம் முடிந்து எஞ்சினியர் திரும்பி வந்தார். கூட்டத்தில் கொடுத்த அறிக்கையின் பிரதி ஒன்றை என் மேசையில் வைத்தார். கொழும்பில் அதைப் படியெடுத்தபோது படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். சிவப்பும் பச்சையும் கறுப்பாகிவிட்டன. எது எந்த ஊரின் கோடு என்று தெரியவில்லை. ஊர்ப் பெயர்கள் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடந்தன. அந்தக் காலத்துப் படியெடுக்கும் இயந்திரத்துக்கு நீலம் தெரியாது; அது பிரதியில் விழவேயில்லை. எல்லைக் கோடு இருந்த இடம் வெறும் தாளாக இருந்தது.

"நீங்கள் சொல்லேல்லையா சேர்?"

"சொன்னனான். இந்தப் படத்தைப் பார்த்திட்டு, எல்லா ஊரும் ஒரே மாதிரித்தானே எண்டு கேட்டினம். பின்னால இருந்த எண் அட்டவணையை ஆரும் புரட்டேல்லை. இறக்கக்கண்டி முதல் பட்டியலில இல்லை."

அன்றே புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தேன். நிறங்களை நீக்கினேன். எல்லாம் கறுப்புப் பேனா. இறக்கக்கண்டிக்கு ஒரே கோட்டை அருகருகே பலமுறை ஓடவிட்டுத் தடிப்பாக்கினேன். மற்ற ஊர்களுக்கு விட்டுவிட்டுப் போகும் கோடுகள், புள்ளிக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஊரின் பெயரைப் பெரிதாக எழுத வைத்தேன். எல்லைக்கு மேலே உள்ள பகுதி முழுவதையும் சாய்கோடுகளால் நிரப்பினேன். எவ்வளவு சுருக்கினாலும் இது அழியாது. எஞ்சினியர் அதைக் கொழும்புக்கு அனுப்பினார். ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அடுத்த கட்டம் வரவில்லை. அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். கொம்பியூட்டரையும் வரைபு இயந்திரத்தையும் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு ஏற்றினார்கள். எஞ்சினியருக்கு இடமாற்றம் வந்தது. நான் வேறொரு கந்தோரில் பழைய தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தக் கோடையில் அக்காவின் கிணறு முற்றாகக் கெட்டுப்போனது. வெயிலில் வெகுதூரம் நடந்து குடத்தில் தண்ணீர் சுமந்தாள். பிறகு அதுவும் முடியாமல், பிள்ளையோடு திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளி என்ற ஊரில் ஒரு வாடகை அறைக்கு வந்தாள். மச்சான் தோணியோடு இறக்கக்கண்டியிலேயே தங்கிவிட்டார்; அவர் வந்துபோவதும் குறைந்தது.

ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். கதையோடு கதையாகக் கேட்டாள்: "எங்கட தண்ணி குடிக்கேலாதெண்டு கொழும்பில உள்ள ஆக்களுக்குத் தெரியாமல் போச்சுதோ?"

"முதல் படம் சரியா விழேல்லை அக்கா. பிறகு வடிவாக் கீறி அனுப்பினனான்."

அவளுக்குக் கோபமில்லை. "ஒரு படத்தாலயோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, அழத் தொடங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.