நேரான வெண்டைக்காய்

பன்னாட்டு சூப்பர் மார்க்கெட் உத்தியோகத்தில் பொருளை விற்பது சுலபம். வாங்க வருகிறவர்களின் விரல்களை அடக்குவதுதான் பெரும்பாடு. கடையில் நின்று கால் வலித்தவர்களுக்கு இது புதிதல்ல.

நுனி ஒடிக்கும் கை

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எங்கள் துபாய்க் கடையில் காய்கறிப் பிரிவு மேலாளர். நம் ஊர்க்காரர்கள் வந்துபோனால் வெண்டைக்காய்க் கூடையில் பாதிக்கு நுனி இருக்காது. ஒடிந்த காயை வேறு யாரும் தொடமாட்டார்கள். அது குப்பைக்குத்தான் போகும். கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். ஒருநாள் அவர் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீயும் திண்டிவனத்துக்காரன்தானே தம்பி? ஒடிக்காம வாங்கினா, முத்தல்னு வாயில போட்டப்புறம்தான் தெரியும்."

தட்டு

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு தட்டில் பன்னிரண்டு காய்களை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். விரல் நுழையாது. வளைந்த காய் தட்டில் படுக்காது என்பதால், நேரான காய்களை மட்டுமே வாங்க வேண்டும் என்ற விதியையும் நானே எழுதினேன். குப்பை குறைந்தது. எனக்குக் கொள்முதல் தலைமைப் பதவி கிடைத்தது. தட்டு அடுக்கிய ஊழியர் மட்டும் ஒன்றைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பார்க்க நல்லா இருக்கு சார். இனிமே இளசா முத்தலான்னு நமக்கும் தெரியாது."

மூன்றாம் முறை

சென்ற ஆண்டு, துபாய்க்குக் காய் அனுப்பும் எங்கள் திண்டிவனம் கொள்முதல் நிலையத்தைப் பார்வையிடப் போனேன். காணை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து தனலட்சுமி என்ற விவசாயி காய் கொண்டுவந்திருந்தார். எங்களை நம்பி, கரும்பை விட்டுவிட்டு வெண்டை போட்டவர். காய் வளைந்திருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறையும் திரும்பினால் எங்கள் விவசாயிகள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது.

அவர் ஒரு காயை எடுத்து, என் முகத்துக்கு நேரே நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது.

"இன்னா சார், காய் வளைஞ்சிருந்தா கொழம்பு வளைஞ்சிடுமா?"

நிலையத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் பாதிக் கூடையைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட முத்தல் இல்லை. ஆனால், பெரும்பாலும் வளைந்தவை. இந்தக் கூடைக்கு விதியைத் தளர்த்தினால் நாளை எல்லாக் கூடைக்கும் தளர்த்த வேண்டும். திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"இந்த ரூலு யாரு சார் போட்டது?" என்று கேட்டார்.

"தலைமை அலுவலகத்தில் ஒருவர்" என்றேன்.

அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அவரைப் பார்த்தீங்கன்னா, ஒரு நாளு எங்க வூட்ல வந்து சாப்ட்டுட்டுப் போவச் சொல்லுங்க சார்."

என் பதவி உயர்ந்ததும் தனலட்சுமியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதும் ஒரே தட்டினால்தான் என்பதைத் தவிர, என் உத்தியோகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.