மீடியன் படத்தில் ஓர் ஆள்

காலை பதினொன்று பத்து. திரையில் முதலில் தெரிந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. எரிமலை வாயின் உட்புறம், லாவா ஏரிக்கு மேலே உள்ள பாறைத் தட்டில், நில அதிர்வுக் கருவியின் பேட்டரிப் பெட்டியை ஒட்டி அது இருந்தது. பெரிதாக்கினோம். ஒரு ஜாக்கெட். அதற்கு மேல் வெள்ளைத் தலைக்கவசம்.

"கஜன்தான்," என்றாள் தரணி. "படத்தில ஆள் நல்ல வடிவா விழுந்திருக்கிறான், அக்கா."

எங்கள் அலுவலகம் ஒஸ்லோவில். மலை ஆப்பிரிக்காவில். அங்கே எரிமலை வாயின் விளிம்பில் ஒரு கேமரா நிற்கிறது. அது அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு முன்பு மதுரையில் ஒரு நாளிதழின் படப்பிரிவில் இருந்தேன். தரணி புவி இயற்பியல் படித்தவள். இங்கேயே பிறந்து, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி இருப்பவள். கஜன் எங்கள் கருவிப் பொறியாளர், ஒஸ்லோவிலேயே புருசெத் பகுதிக்காரன். அந்த வாரம் அவன் மலையில் இருந்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் லாவா ஏரி என்றால் சிவப்பாகக் கொதிக்கும் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அதன் மேற்பரப்பு பெரும்பாலும் கறுப்பு. மேலே ஆறி இறுகிய தோல், பெரிய பெரிய ஓடுகளாக உடைந்து மிதக்கும். ஓடுகளுக்கு நடுவே சிவப்புக் கோடுகள். எல்லா ஓடுகளும் ஒரே பக்கமாக மெதுவாக நகர்ந்து, கரையை அடைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து உள்ளே போகும். ஏரியின் மட்டம் ஏறும், இறங்கும். திடீரென்று வெகுவாக இறங்கினால் நல்ல செய்தி அல்ல. உள்ளே இருந்தது மலையின் அடிவாரத்தைப் பிளந்துகொண்டு ஊர்ப் பக்கம் வெளியேறியிருக்கலாம். கரைப்பாறை சரிந்து ஏரிக்குள் விழுந்தால் குழம்பு வெடித்து மேலே தெறிக்கும். இவற்றைக் கவனிக்கத்தான் கேமரா.

சிக்கல் புகை. தனிப்படம் எதை எடுத்தாலும் பாதி புகையாக இருக்கும். அதனால் கேமராவோடு இருக்கும் கணினி நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் எடுத்த படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றது மட்டும் மிஞ்சும். அசைந்தது எல்லாம் அழிந்துவிடும். இதை மீடியன் படம் என்போம். புகை இருக்காது, ஓடுகள் இருக்காது. ஏரி, துடைத்து வைத்த சாம்பல் நிறத் தட்டம் போலத் தெரியும். செயற்கைக்கோள் இணைப்பில் செலவு அதிகம் என்பதால் ஒஸ்லோவுக்கு வருவது இந்த ஒரு படம்தான், மணிக்கு ஒரு முறை. தனிப்படங்கள் மலையிலேயே தங்கிவிடும்.

காலையில் கஜன் போன் செய்திருந்தான். "அக்கா, உங்கட மெரீனாவில கூட இப்பிடி ஒரு நாள் வராது. காத்து ஒரு பொட்டும் இல்லை. புகை நேரா மேல போகுது. இண்டைக்குப் படம் கண்ணாடி மாதிரி வரும், பாருங்கோ."

"எனக்கு ஊர் மதுரை. அங்க ஏதுடா மெரீனா? பேட்டரிய மாத்திட்டு சீக்கிரமா மேல ஏறு."

சொன்னபடியே படம் வந்திருந்தது. அவ்வளவு தெளிவான படம் அந்த மாதத்தில் வரவில்லை.

"ஆளை வச்சே அளவு எடுப்பம்," என்றாள் தரணி. தட்டின் அகலத்தை அளக்க எங்களுக்கு வெகுநாளாக ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. "ஒரு மீட்டர் எண்பத்திரண்டு எண்டு சொல்லித் திரியிறவன்."

"ஷூவோட சேத்து சொல்வான். எண்பதுன்னு போட்டுக்க."

அளந்தாள். கணக்கு ஒத்துவரவில்லை. ஆள் பாதி உயரம்தான் இருந்தான்.

"பெட்டியில சாஞ்சு குந்தி இருக்கிறான் போல. மாட்பக்க சாப்பிடுறானாக்கும்," என்றாள். வீட்டிலிருந்து பொதி கட்டிக் கொண்டுபோகும் ரொட்டிக்கு இங்கே அந்தப் பெயர். நான் படவிளக்கம் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்: தட்டில் பணியாளர், அளவுக்காக.

தரணியின் கை மௌஸிலிருந்து எழுந்தது.

"அக்கா. மீடியன்ல எப்பிடி ஆள் வரும்?"

அரை மணிக்கு மேல் துளியும் அசையாமல் இருந்தால்தான் வரும். நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பேர் அந்தத் தட்டில் இறங்கி வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர்கூட எந்த மீடியன் படத்திலும் வந்ததில்லை.

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். முகாமில் இருந்தவர் எமானுவேல், மலை வழிகாட்டி. தட்டில் இறங்கினால் வாக்கிடாக்கி எடுக்காது, பாறை மறைக்கும். கஜன் வேலையில் இருக்கிறான் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தட்டில் பெட்டி இருக்கும் குழிவு முகாமிலிருந்து தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் அதைப் பார்க்க முடிந்தது ஒஸ்லோவில் இருந்த எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

எமானுவேல் உடனே இறங்குவதாகச் சொன்னார். தரணி ஆங்கிலத்தில் கத்தினாள், இறங்காதே என்று. காற்று இல்லாத நாளில் கரியமில வாயு பள்ளத்தில் தண்ணீர் போலத் தேங்கும். நிறம் இல்லை, வாடை இல்லை. அவர்களிடம் இருந்த முகமூடி கந்தகப் புகைக்கானது, இதற்கு உதவாது. இறங்கினால் இரண்டு பேர் ஆவார்கள்.

மிஞ்சியது கயிறு. தட்டில் இருக்கும்வரை இடுப்புக் கயிற்றைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் விதி. பேட்டரி மாற்றும்போது அது காலில் சுற்றும். அதனால் எல்லோரும் கழற்றுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

"இழுத்துப் பாருங்கள். பாரம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

போனில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ காபி இயந்திரத்தை இயக்கினார்கள். தரணி காதைப் பொத்திக்கொண்டாள்.

"பாரமாம்," என்றாள் என்னிடம். "அக்கா, கயிறு பாரமா இருக்காம்."

எமானுவேல் சுமைதூக்கிகளைக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தோம். எடுக்கவில்லை.

செய்தி வர இன்னும் ஒரு வழிதான் இருந்தது, அடுத்த மீடியன் படம். முதல் அரை மணிக்குள் அவனைத் தூக்கியிருந்தால் அதில் அவன் இருக்க மாட்டான். தூக்கியிராவிட்டால் இருப்பான்.

"வீட்டுக்குச் சொல்லவா?" என்றாள். கஜனின் அம்மா புருசெத்தில் இருந்தார்.

"என்னன்னு சொல்லுவ?"

பன்னிரண்டு பத்துக்குப் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திறந்தது. விளிம்பு. எதிர்ச்சுவர். தட்டு. பேட்டரிப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் பாறை. கயிறு இழுத்தவர்கள், அவன் மேலே போனது, எதுவும் அதில் இல்லை. கீழே சாம்பல் நிறத்தில் ஏரி.

கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. எமானுவேல். மூச்சு இருக்கிறது என்றார். கண் திறக்கவில்லை.

இரவு மருத்துவமனையிலிருந்து கஜனே பேசினான். நாக்கு குழறியது. "தலையிடி, தலைச்சுத்து, அக்கா. கொஞ்சம் இருந்திட்டு ஏறுவம் எண்டு நினைச்சன்."

"கயித்த ஏண்டா கழட்டல?"

"கழட்டத்தான் இருந்தன். கொழுக்கி இறுகிப்போச்சு. கழட்ட ஏலாமப் போச்சு."

இப்போது மீடியனோடு ஒரு தனிப்படமும் வருகிறது, புகையோடு. காற்று நின்ற நாளில் யாரும் இறங்குவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பதினொரு மணிப் படம். படம் மிக நன்றாக வந்தால் அங்கே காற்று இல்லை என்று பொருள்.

மறுநாள் எமானுவேல் ஒரு விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டி அந்தக் குழிவுக்குள் இறக்கினார். பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் தோள் உயரத்தில், மூக்குக்கு ஒரு சாண் கீழே, அது அணைந்தது.