வாயில் ஆணி

வண்டி எதுவானாலும், முதல் வளைவு தாண்டியதும் அத்தை திரும்பிப் பார்ப்பாள். பேருந்தில் கழுத்தை மட்டும் திருப்புவாள். சொந்த வேன் என்றால் ஓரங்கட்டி இறங்கியே விடுவாள். என் பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோதும், பின்னால் ஒன்றுமே கட்டாத வேனை நிறுத்தி ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"என்னத்தத் தேடற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லண்ணா. காலு கேக்க மாட்டேங்குது."

ஒரு படகு கிளப்பின் பாய்மரப் படகுகளைப் பந்தயம் நடக்கும் கரைகளுக்குச் சாலைவழியே இழுத்துப் போவதுதான் அவள் வேலை. பாயைச் சுருட்டி, மரத்தைச் சாய்த்து, படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவாள். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி பூட்டித் தருவாள். அதே கிளப்புக்கு இழுக்கும் இன்னொருவர் மீசை. முகத்தில் மீசை கிடையாது, எப்போதோ இருந்ததாம். அந்த வருடம் கிளப் செயலாளர் இருவரிடமும் கறாராகச் சொல்லியிருந்தார்: இந்தப் பந்தயத்தில் யார் சொதப்பினாலும் அவருக்கு இனிமேல் வேலை இல்லை.

பந்தயத்தன்று நானும் போனேன். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருப்பதைவிட வேனில் சும்மா இருப்பது எளிதாக இருந்தது.

பாய்மரம் மூன்று கம்பிகளின் இழுப்பில் நிற்பது. முன்கம்பியைப் படகின் மூக்கோடு பிணைப்பது சுண்டுவிரல் நீள ஆணி ஒன்று. கழற்றியதும் அதைப் பல்லில் கடித்துக்கொள்வது அத்தையின் வழக்கம்.

"என்ன மகராசி, இன்னிக்காவது எனக்கு முன்னாடி போய்ச் சேருவியா?" என்றார், கிளப் வாசலில் பக்கத்து டிரெய்லரைக் கட்டிக்கொண்டிருந்த மீசை.

வாயில் ஆணியோடு பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லாமல் விட அத்தையால் முடியாது. ஆணியை எடுத்து டிரெய்லரின் சக்கர மூடிமேல் வைத்தாள்.

"நீ வர்றதுக்குள்ள படகப் பூட்டிட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருப்பேன், போய்யா!"

முதல் வளைவில் இறங்கினாள். பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தாள், கொக்கியை ஆட்டினாள், மரத்தின் நுனியில் கட்டிய சிவப்புத் துணியைத் தொட்டாள். "கல்லு மாதிரி இருக்கு" என்று ஏறினாள். கட்டியதையெல்லாம் பார்த்துவிட்டாள். கட்டாமல் வைத்தது அதற்குள் சாலையில் எங்கோ விழுந்துவிட்டது.

கரையில் நான் மரத்தைத் தோளில் தாங்கி நிற்க, அத்தையின் கை தானாக வாய்க்குப் போனது. பிறகு சக்கர மூடியைப் பார்த்தாள். அது காலி.

"கயித்தால இறுக்கிடறேன்" என்றாள், வந்து நின்ற செயலாளரிடம்.

"கயிறா? தண்ணில இறக்க விடமாட்டேன். பந்தயத்தோட முதல் ஹாரனுக்குள்ள ஆணி வேணும்."

கடைகள் திறக்க நேரமிருந்தது. மீசை தன் படகருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தாலே போதும், மொத்த வேலையும் அவருக்குத்தான். குனிந்து தன் படகின் ஆணியை உருவிக்கொண்டு வந்தார்.

"எனக்கு மத்தியானப் பந்தயம்தான். அதுக்குள்ள கடையில வேற வாங்கிக்கறேன். புடி."

"நான் கேக்கலையே?"

"கேட்டா உசுரு போயிடுமே உனக்கு!"

ஆணி ஏறியது. ஹாரன் ஒலித்தது. பாய் காற்றை வாங்கி உப்பியபோது அத்தை, தானே தைத்த பாய் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். மத்தியானம் மீசையும் கடையில் வாங்கிய ஆணியோடு தன் படகை இறக்கினார். இருவர் வேலையும் தப்பித்தது.

அடுத்த வாரம் உறைகூடப் பிரிக்காத புது ஆணியை நீட்டினாள். மீசை வாங்கவில்லை.

"இது வேணாம். 'மீசைதான் என் மானத்தக் காப்பாத்தினான்'னு கிளப்புல எல்லாரும் இருக்கறப்ப ஒரு தடவ சொல்லு. கணக்கு தீர்ந்துது."

அத்தை ஆணியைக் கடித்திருப்பதுபோல் உதட்டை இறுக்கி, வாயைச் சுட்டிக் காட்டினாள். "ம்ம்... ஆணி."

வேலைக்காக ஒருவரிடம் கேட்கப்போகும் முன் நானும் இப்படித்தான் வாயடைத்து நிற்கிறேன். எங்கள் குடும்பத்து நோயோ என்னவோ. ஒருநாள் அத்தையிடம் கேட்டே விட்டேன். "சொல்லிட்டாத்தான் என்ன அத்தை?"

"சொல்லிட்டா அப்புறம் எதக் கேட்டு அந்தாளு என் வண்டிகிட்ட வந்து நிப்பான்?"

இப்போது முதல் வளைவில் சக்கர மூடியையும் தடவிப் பார்க்கிறாள். பின்னால் வரும் மீசையின் வண்டி ஹாரன் அடித்தபடி கடக்கும். "எப்ப சொல்லப்போற?" என்று ஜன்னல்வழியே சத்தம் வரும். அத்தை வாயைச் சுட்டிக் காட்டுவாள்.