பழுப்பு நூல்

அந்த விரிப்பின் மூலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதைக் கதை என்று சொல்லமாட்டார்கள். மாசசூசெட்ஸில், ஆறு உறைந்து கிடந்த ஒரு ஜனவரியில், என் கண் முன்னால் நடந்தது இது.

வசந்தத்தில் எனக்கும் ஆசா பெல்லுக்கும் திருமணம். கூட வாழ்பவர்களை விட என் கல்யாணப் பெட்டியைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அதில் இருந்த லினன் விரிப்புகளுக்கு நானே நூல் நூற்றேன். எங்கள் வழக்கப்படி, ஒவ்வொன்றின் மூலையிலும் மணப்பெண் பெயரின் முதல் எழுத்துகளைத் தைக்க வேண்டும். நானும் தைத்திருந்தேன்.

அன்று காலை என் அக்கா, தேங்க்ஃபுல் என்று பெயர், ஒரு மூட்டையோடு கிளம்பினாள். சித்தி வீட்டுக்கு, மெழுகுவர்த்தி ஊற்றப் போவதாகச் சொன்னாள்.

"கஞ்சியைத் தீய விட்றாதடி, கெசையா. ஆசா மொத நாளே உன்னைத் திருப்பி அனுப்பிடுவான்."

"நீ சமைச்சா அவன் வாசலுக்கே வரமாட்டான்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் போன பிறகு மஞ்சிட்டி வேரில் கொஞ்சம் நூலுக்குச் சிவப்புச் சாயம் போட்டேன். பானையைக் கொதிக்க விட்டுவிட்டேன். மஞ்சிட்டி கொதிக்கக் கூடாது. சிவப்பு செத்து, துருப்பிடித்த ஆணி போல ஒரு பழுப்பு வந்தது. காயவைத்து உருண்டையாகச் சுற்றினேன்.

பொழுது சாயும் நேரம். சோளக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... டக்...

பின்னால் ராட்டையை மிதிக்கும் சத்தம். கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை.

திரும்பினேன். ராட்டைப் பக்கத்தில் அக்கா. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே பனி கொட்டுகிறது. தரையில் ஒரு காலடித் தடம் கூட இல்லை.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"குளுருது."

"அடுப்புகிட்ட வாக்கா."

"வேலை இருக்கு."

கிட்டப் போனேன். மடியில் என் விரிப்பு. மூலையில் என் எழுத்து இருந்த இடத்தில், நீல நூலில் அவள் எழுத்து. அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் விரிப்புல உன் எழுத்து எப்படி வந்துச்சு?"

அவள் பிரித்துக்கொண்டே இருந்தாள். என் கல்யாண விரிப்பில் அவள் பெயர் என்றால், என் மாப்பிள்ளையும் அவளோடுதான். கோபத்தில் கத்தினேன்.

"ஆசா எங்க?"

"என் கையை விட்டுட்டான்."

பிறகு மெல்ல... "நூல் குடுடி."

பழுப்பு உருண்டையை அவள் மடியில் விட்டெறிந்தேன். அவள் விரல்கள் நீலமாக இருந்தன.

கஞ்சி பொங்கியது. பானையை இறக்கினேன்.

திரும்பினேன்.

நாற்காலி காலி. ஈரம் மட்டும்.

பெட்டியைத் திறந்தேன். அதுவும் காலி.

இருட்டியதும் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். அக்காவும் ஆசாவும் பக்கத்து ஊரில் திருமணம் செய்துகொள்ள, சறுக்குவண்டியில் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். நடு ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. அவன் மட்டும் கரையேறினான்.

"எப்போ?" என்றேன்.

"மதியமே."

மறுநாள் அவளை எடுத்தார்கள். உடம்பில் என் விரிப்பு சுற்றியிருந்தது. மூலையைத் திருப்பினேன். நீல எழுத்து இருந்த இடத்தில் ஊசித் துளைகள்.

அவற்றின் மேல், என் எழுத்து. அக்காவின் சாய்ந்த தையலில்.

பழுப்பு நூலில்.

கடைசித் தையல் அறுக்கப்படவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போனேன்... அது அவள் மூடிய கைக்குள் போனது.