சைனாகிறாசில் நின்ற குண்டு

ஜெர்மனியின் வுப்பர்டாலில் தொங்குரயிலை விட்டிறங்கி மேட்டுத்தெருவில் பத்து நிமிடம் ஏறினால், பூட்டிக் கிடக்கும் பழைய நாடாத் தொழிற்சாலை ஒன்று வரும். அதன் நிலவறையில்தான் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம். தேவமலர் அங்கே ஒன்பது வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் அங்கத்தவர்களுக்கு மேலே உள்ள சின்னச் சமையலறையில் சூப்பும் வைத்துக் கொடுப்பார். ஒப்பந்தம் வருடா வருடம் நீட்டப்படும். இந்த வருடத்துக் கையெழுத்து அடுத்த மாதம்.

"உந்த இடத்திலை வேலை செய்ய உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கோவிலில் கேட்காத ஆளில்லை. பயமிருந்தால் ஓமென்று சொல்லியிருப்பார். பயமும் இல்லை, வேறொன்றும் இல்லை. காதுமூடியை மாட்டிக்கொண்டு, சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைக் கூட்டி வாளியில் போடுவார். பக்கத்து அறையில் வெடிக்கும்போது தரை காலுக்குக் கீழே அதிரும். விளக்குமாறு நிற்காது.

கந்தசஷ்டி விரதம் தொடங்குவதற்கு முதல்நாள் கிரூகர் அவரைக் கூப்பிட்டார். கிரூகர்தான் கூடத்தை நடத்துபவர். முன்னர் பொலிசில் இருந்தவர், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். மேசையில் எட்டுப் பொதி தூளும் நீளமான இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளும் இருந்தன.

"ஃப்ராவ் தேவா, நீங்கள் பெரிய பானையில் சமைக்கிறவர். இதைக் காய்ச்சி இந்தப் பெட்டிகளில் ஊற்றிக் குளிர வைப்பீர்களா?" என்று டொச்சில், ஜெர்மன் மொழியில், கேட்டார். அளவு எழுதிய தாளையும் நீட்டினார். ஒரு கிலோ தூளுக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர்.

எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தியது அவருடைய தம்பி தபோதரன். வங்கிகளுக்குக் காசு ஏற்றிப்போகும் நிறுவனம் ஒன்றில் காவலாளி. இடுப்பில் துப்பாக்கி கட்டி வேலைக்குப் போகிறவன். அக்காவுக்கு இந்த வேலை கிடைத்ததும் அவன் சொல்லித்தான்.

"எங்கடை கொம்பனி புதுக் குண்டு வாங்கப் போகுது அக்கா. மூண்டு வகை வந்திருக்கு. சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, வெள்ளைப் பெட்டி. எது நல்லதெண்டு கிரூகர் சுட்டுப் பாத்துச் சொல்லோணும். நீங்கள் காய்ச்சிற ஜெலிதான் மனுசன்ரை உடம்பு மாதிரி."

"உடம்பு மாதிரியோ?"

"ஓம். முன்னுக்கு நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி, அதுக்குப் பின்னாலை ஜெலி, அதுக்கும் பின்னாலை தண்ணிப் போத்தில். குண்டு ஜெலிக்கை நிக்கோணும். துளைச்சுக்கொண்டு போத்திலுக்குப் போனால் அது கூடாத குண்டு. வங்கி வாசல்லை கள்ளனுக்குப் பின்னாலை ஆரும் அப்பாவி நிப்பான் எல்லோ."

தேவமலர் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருடைய இடது கையில், முழங்கைக்கு மேலே, ஒரு தழும்பு இருக்கிறது. பதினாறு வயதில், ஊரில் சண்டை நடந்தபோது, பேக்கரியில் பாண் வாங்க நின்ற வரிசையில் வந்தது. அவருக்கு முன்னால் அப்பா நின்றார். குண்டு அப்பாவின் நெஞ்சுக்குள்ளால் போய், முதுகால் வெளியே வந்து, அவருடைய கையில் தங்கியது. அப்பா அந்த இடத்திலேயே முடிந்துபோனார். இவ்வளவுதான் அவர் எவருக்கும் சொல்லியிருக்கிறார். அழுது சொன்னதில்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

விரதத்தின் முதல்நாள் காலை, கூடத்துச் சமையலறையில் பானையை அடுப்பில் வைத்துவிட்டு முதல் பொதியைப் பிரிக்கப் போனார். மூலையில் சின்னதாகப் பன்றிப் படம். திருப்பிப் பார்த்தார். எல்லாப் பொதியிலும் அதே படம். பன்றித் தோலில் எடுத்த தூள்.

ஆறு நாளும் பால் பழம் மட்டும் எடுத்து முருகனை நினைத்திருக்கிறவர் அவர். வனஜாவுக்குப் போன் எடுத்தார். கோவில் மடப்பள்ளியில் அவரோடு சேர்ந்து அவிக்கிற பொம்பிளை அவள்.

"ஐயோ, தொடாதையுங்கோ அக்கா!" என்றாள் வனஜா. "விரதத்திலை பண்டித்தோலைக் காய்ச்சிப்போட்டு எப்பிடிக் கோவிலுக்கை வாறது? ஏலாதெண்டு சொல்லுங்கோ."

"அடுத்த மாசம் கையெழுத்தடி."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. சைனாகிறாஸ் போட்டுக் காய்ச்சுங்கோ. போன திருவிழாவுக்கு ஐந்நூறு பேருக்குப் புடிங் செய்தனாங்கள் எல்லோ, அந்தத் தூள் பெட்டியாய்க் கிடக்கு. அது கடற்பாசி, சுத்த சைவம். ஜெலி எண்டால் ஜெலிதானே. சாப்பிடப் போகினமோ? சுடத்தானே போகினம்!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

தேவமலருக்கு அது சரியாகத்தான் பட்டது. கோவிலில் போய்த் தூளை எடுத்து வந்து, புடிங்குக்குப் போடுவதிலும் கூட்டிப் போட்டார், இறுக்கமாக வரவேண்டுமென்று. இரண்டு பெட்டியும் கல்லுப்போல உறைந்தன. கொஞ்சம் வெண்புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. பன்றித்தோல் பொதிகளை அலுமாரியின் அடியில் வைத்துப் பூட்டினார். பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்தார். கிரூகர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சுட்டார்கள். தேவமலர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே துடைக்கும் தடியோடு நின்றார். ஜெலிக் கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க, கிரூகர் முதலில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சின்ன ஈயமணியைச் சுட்டு, அது போன ஆழத்தை அளந்தார். புருவத்தைச் சுருக்கினார். "குளிர் கூடிவிட்டது போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார். பிறகு ஜீன்ஸ் துணியைத் தொங்கவிட்டு மூன்று வகையையும் சுட்டார். கட்டி உள்ளே நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்தது. மூன்றுமே உள்ளுக்குள் நின்றன. பின்னால் இருந்த போத்தில்களில் ஒரு துளி சிந்தவில்லை. நீலப் பெட்டிக் குண்டு அளவான ஆழத்தில், தடத்தின் முடிவில் சாம்பல் நிறப் பொட்டாக நின்றது. அளவுநாடாவைப் பிடித்தவன் தபோதரன்.

"நீலம்தான்!" என்று வெளியே வந்து சொன்னான். "கிழமை முடியிறதுக்கு முன்னம் ஓடர் போகுது. உங்கடை ஜெலி கலாதியாய் வந்திருக்கு அக்கா. நாளைப்பின்னை எங்கடை வீட்டுக் கலியாணத்துக்கும் நீங்கள்தான் காய்ச்சோணும்."

அவர் கட்டியைக் குனிந்து பார்த்தார். வெடிப்புகளுக்கு நடுவில் நீளமான ஒரு ஓட்டை. பார்த்ததும் ஏதாவது வருமென்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ஒன்றும் வரவில்லை. கட்டியை வெட்டிக் குப்பையில் போட்டார்.

அன்று பின்னேரம் கோவிலில் திருநீறு வாங்க வரிசையில் நின்றார். முன்னால் நின்ற மனிதர் சாம்பல் நிறச் சுவெற்றர் போட்டிருந்தார். அகலமான முதுகு. ஐயர் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார். தேவமலர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். புடிங்கைக் கரண்டியால் வெட்டினால் படாரென்று பிளக்கும். மனித உடம்பு அப்படிப் பிளக்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், காய்ச்சிய அந்தக் காலையில் அவர் அதை நினைக்கவில்லை. பன்றியைத்தான் நினைத்தார்.

திருநீறை வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்து தம்பிக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ?" தபோதரன் சத்தம் போட்டான். "சைனாகிறாசோ? கிரூகருக்குச் சொன்னால் உங்கடை கையெழுத்தும் போகும், என்னையும் வைச்சுச் சிரிப்பாங்கள். புடிங்குக்குச் சுட்டனாங்கள் எண்டு காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்கள். சும்மா இருங்கோ. நீலம் நல்ல குண்டாயும் இருக்கலாம்தானே?"

"இருக்கலாம்."

"பிறகென்ன?"

"நீ சுட்டால் பின்னாலை ஆர் நிப்பினம் தம்பி?"

பாண் வாங்கிய அந்த வரிசையில் தபோதரன் நிற்கவில்லை, அப்போது ஐந்து வயது. ஆனாலும் அவனுக்கும் அப்பாதான். "உங்களுக்கு விருப்பமெண்டால் சொல்லுங்கோ" என்று கடைசியில் சொன்னான். "நான் சொல்லச் சொல்லேல்லை."

அடுத்தநாள் காலை எட்டு மணிக்குக் கிரூகரின் மேசைக்கு முன்னால் நின்றார். இரவிரவாக டொச்சில் சேர்த்து வைத்திருந்த வசனங்களெல்லாம் வாய்க்குள் வரும்போது உடைந்துபோயின. தூள் பிழை, விரதம், பன்றி, கடற்பாசி, என்னுடைய குற்றம். இந்த ஐந்தையும் எப்படியோ சொல்லிவிட்டார். அலுமாரியின் அடியிலிருந்து எட்டுப் பொதியையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

கிரூகர் சிரிக்கவில்லை. அதுதான் கரைச்சலாக இருந்தது.

"அந்த ஈயமணி சரியாகப் போகவில்லை. நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்" என்றார். பிறகு, "ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம். நானே காய்ச்சியிருப்பேன்" என்றார்.

அது தேவமலருக்கு நினைவிலேயே வரவில்லை. ஒன்பது வருடத்தில் அந்த மனிதரிடம் ஏலாது என்று எதற்கும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லலாம் என்பதும் தெரியாது.

கிரூகர் கையை நீட்டிச் சமையலறைச் சாவியைக் கேட்டார். கொடுத்தார். சனிக்கிழமைச் சூப்பு அதோடு முடிந்தது. துப்புரவு வேலையில் தனக்குக் குறையில்லை, அந்தக் கையெழுத்தை வைப்பேன் என்று, தாளைப் பார்த்தபடியே சொன்னார். ஓடரை நிறுத்தச் சொல்லிப் போன் எடுத்தார்.

"இன்றைக்கு யார் காய்ச்சுவது?" என்று தேவமலர் கேட்டார்.

"நான்."

"நான் காய்ச்சுகிறேன். என்னுடைய பிழை."

விரதத்தின் நான்காம் நாள். சமையலறையைக் கிரூகர் திறந்துவிட, அவர் காய்ச்சினார். தூள் சூட்டில் கரையும்போது எழுந்த மணம் சேலைத் தலைப்பில் ஏறியது. முருகா, உனக்குத் தெரியும்தானே என்று ஒருமுறை சொன்னார். திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. அன்று கோவிலுக்குப் போகவில்லை. வீட்டில் முழுகிவிட்டுப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மறுபடி சுட்டார்கள். இம்முறை ஈயமணி போகவேண்டிய ஆழத்துக்குப் போனது. கிரூகர் தலையாட்டினார். கட்டி தேன்நிறத்தில் நின்றது. குண்டு படும்போது பிளக்கவில்லை, உயிருள்ளது மாதிரி ஒருமுறை துள்ளி அடங்கியது. சிவப்புப் பெட்டிக் குண்டு கட்டியின் கடைசி விளிம்பில் நின்றது. வெள்ளைப் பெட்டிக் குண்டு முகப்பு விரிந்து, பூப்போல மலர்ந்து, கட்டிக்குள் நின்றது.

நீலப் பெட்டிக் குண்டின் குழியான முனையில் ஜீன்ஸ் நூல் அடைத்துக்கொண்டது. அது விரியவில்லை. கட்டியை நேரே துளைத்துக்கொண்டு வெளியே போய், முதல் போத்திலை உடைத்து, இரண்டாவதை உடைத்து, மூன்றாவதற்குள் கிடந்தது. கிரூகர் இன்னும் இரண்டு தரம் சுட்டுப் பார்த்தார். இரண்டு தரமும் அப்படியே.

கிரூகர் நீலப் பெட்டியை மூடி ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, தாளில் வெள்ளை என்று எழுதினார்.

தபோதரன் மூன்றாவது போத்திலிலிருந்து குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். முனை மழுங்கக்கூட இல்லை. "அக்கா" என்றான். "இதைப் பாக்க உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை" என்றார் தேவமலர். உண்மையாகவே இல்லை. தண்ணீர் தரை முழுக்க ஓடி அவன் சப்பாத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவர் துடைக்கும் துணியை வாளியில் பிழிந்து எடுத்தார்.

"காலைத் தூக்கு தம்பி. வழுக்கும்."