அரிவாள்மணைக்கு மாற்றாக ஒரு கத்தி

அனுமந்தன்பட்டி மூக்கம்மாள் ஒரு மனிதர் மீது ஒன்பது ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வஞ்சம் வைத்திருந்தார். 1999 ஜூலை 8 முதல் 2008 செப்டம்பர் 10 வரை. முதல் தேதியன்று நான் குமுளிக்கு மேலே இருந்த ஓர் உல்லாச விடுதியில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசித் தேதியன்று கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பொறுப்பாளன். இரண்டு இடத்திலும் நோட்டு என் கையில் இருந்ததால் தேதியிலும் நேரத்திலும் பிழை இருக்காது.

விருந்துகளுக்குக் காய் அரிவது மூக்கம்மாளின் தொழில். அவருடைய அரிவாள்மணை பலா மரப் பலகை. அதில் நிற்கும் அலகை அவர் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தார். மொத்த எடை இரண்டே முக்கால் கிலோ. வலது காலை மடக்கிப் பலகையை அழுத்தி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறு கிலோ பீன்ஸ் பொடியாக விழும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வருஷம் முழுக்க வேலை வேண்டும் என்று 1999 ஜூன் 7, திங்கட்கிழமை, விடுதிச் சமையலறையில் சேர்ந்தார். அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

சமையலறைத் தலைவர் வைகுண்டராஜ். சென்னையில் படித்தவர், அப்போது முப்பத்தோரு வயது. சுவரில் ஆங்கிலத்தில் ஒரு அட்டை மாட்டியிருந்தார். ஆறு கருவிகள்: செஃப்ஸ் நைஃப், பேரிங் நைஃப், போனிங் நைஃப், கார்விங் நைஃப், கிளீவர், பீலர். ஆறு வெட்டுகள்: ஸ்லைஸ், சாப், டைஸ், ஷ்ரெட், மின்ஸ், ஜூலியன். தினமும் காலை எட்டே காலுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பார்.

"ஏம்மா, இது என்ன?"

"கத்தி சார்."

"பேரைக் கேட்டேன்."

"கத்திதான் சார் பேரு. எங்க ஊர்ல அது கூப்பிட்டா வராது, நாமதான் எடுக்கணும்."

வரிசை சிரித்தது. தன்னைப் பார்த்துச் சிரித்ததாக வைகுண்டராஜ் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 29 அன்று, "கேரட் ஜூலியன்" என்று உத்தரவு வந்தது. எந்தப் பதார்த்தத்துக்கு என்று மூக்கம்மாள் கேட்டார். "சொன்னதைச் செய்," என்றார் வைகுண்டராஜ். எங்கள் பக்கத்தில் பதார்த்தம் தெரியாமல் காயில் கை வைக்க மாட்டார்கள். அது அவியலுக்கு என்று மூக்கம்மாளே முடிவு செய்து விரல் நீளத்துக்கு அரிந்து வைத்தார். தீக்குச்சி போல மெல்லியதாக இல்லை என்று வைகுண்டராஜ் நான்கு கிலோ கேரட்டையும் கழுநீர் வாளியில் கொட்டினார். அரிவாள்மணையைப் பிடுங்கினார்.

"தரையில உக்காந்து, கால்ல மிதிச்சு வெட்டுற சாமான். வெள்ளைக்காரங்க சாப்பிடுற இடம் இது. அட்டையில இருக்கிற பன்னிரண்டு இங்கிலீஷ் பேரையும் என்னைக்கு ஒப்பிக்கிறியோ அன்னைக்கு வந்து வாங்கிக்க. வேலையும் தர்றேன்."

அன்று மாலையே அது சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், வெண்கலக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. கம்பியில் கட்டிய சீட்டில் ஆங்கிலத்தில் 'ஆன்டிக்'. மறுநாள் பாக்கிக் கூலி வாங்க வந்த மூக்கம்மாள், அதற்கு என்ன அர்த்தம் என்று பாத்திரம் கழுவும் ஜெபராணியிடம் கேட்டார்.

"இனிமே யாரும் புழங்காத பழைய சாமான்னு அர்த்தம்க்கா."

"நேத்து வரைக்கும் நான் புழங்குனேனே ஆத்தா?"

பத்தாவது படித்த ஜெபராணி, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பன்னிரண்டு சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் மூக்கம்மாள். ஒன்பது நாளில் பாடம் செய்தார். ஜூலை 8, வியாழக்கிழமை, காலை வரிசையின் முன்னால் வந்து நின்று, அட்டையைப் பார்க்காமல், ஆறு கருவிகளையும் தொட்டுக் காட்டிப் பன்னிரண்டு பெயரையும் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வைகுண்டராஜ் கை தட்டினார். "கிளிப்பிள்ளைகூட சொல்லும். எங்க, ஸ்பெல்லிங் சொல்லு."

"என் மணையைக் குடுங்க சார்," என்றார் மூக்கம்மாள்.

"அது இப்ப ஹோட்டல் சாமான். முதலாளி அம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு. நீ போ."

வாசலில் என் மேசைக்கு முன்னால் நின்றார். கண்ணில் தண்ணீர் இல்லை.

"ஐயா, உங்க நோட்டுல தேதி போடுவீகள்ல? இதையும் எழுதிக்கங்க. சொன்ன சொல்லை மாத்துன இந்த ஆளை ஒரு நாளைக்கு என் மணையில உக்கார வைக்கிறேன்."

நேரம் 9.40 என்று எழுதினேன்.

அதன் பிறகு அவர் வேறு மணை வாங்கினார். ஆனால் அதைத் தன் மணை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் மூன்று ஊரிலிருந்தும் பெண்களைச் சேர்த்து ஒரு குழு கட்டினார். 2006இல் நாற்பத்தோரு பேர். அவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் பெரிய பந்திக்குக் காய் அரிய ஆள் கிடைக்காது என்ற நிலை வந்தது. அதே ஆண்டு வைகுண்டராஜ் விடுதியை விட்டு வந்து, தேனியில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கினார். செய்தி வந்தபோது மூக்கம்மாள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கம்பத்துக்கு வரட்டும்."

வந்தார். எங்கள் மண்டபத்தில் சீனிச்சாமி வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல் ஒப்பந்தம் அவருடையது, முகூர்த்தம் 2008 செப்டம்பர் 11. அவருக்கு ஆள் பிடிப்பவர் வந்து கேட்டதும் மூக்கம்மாள் உடனே சம்மதித்தார். முதல் நாள் புதன்கிழமை, காலை ஆறு மணிக்கே குழுவோடு வந்து, அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கான காயை ஒன்பதரைக்குள் முடித்தார். மிச்சம் இருந்தது மறுநாள் பந்திக்கான காய்தான். மூன்று மணிக்குத் தொடங்கினாலும் ஏழரைக்குள் முடியும் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது; வைகுண்டராஜுக்கு மட்டும் வர வேண்டும்.

பத்தரைக்கு வைகுண்டராஜ் வந்தார். நாற்பத்தோரு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா, படம் எடுக்கவா வந்திருக்கேன்? வேலையைப் பாருங்க."

"மணை இல்லை சார்," என்றார் மூக்கம்மாள்.

"முன்னாலயே ஒண்ணு கிடக்குதே?"

"இது இரவல். என் மணையை ஒருத்தக ஆணியில மாட்டி வச்சிருக்காக. செஃப்ஸ் நைஃப், பேரிங் நைஃப், போனிங் நைஃப், கார்விங் நைஃப், கிளீவர், பீலர். இன்னும் ஆறு இருக்கு. சொல்லவா சார்?"

அப்போதுதான் அவருக்கு முகம் தெரிந்தது. முதலில் அதட்டினார். பிறகு தேனிக்குப் போன் செய்து வேறு ஆள் கேட்டார். மறுநாள் முகூர்த்த நாள் என்பதால் ஒருவரும் கிடைக்கவில்லை. சீனிச்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா மூக்கு, என்ன எல்லாரும் சாமி கும்பிடுறீக?"

"ஒரு சாமான் வரணும்ண்ணே. சார் எடுக்கப் போறாக."

10.55க்குக் காரில் குமுளி மலை ஏறிப் போன வைகுண்டராஜ் 1.50க்குத் திரும்பி வந்தார். விடுதியில் யார் யாரிடம் கெஞ்சினார் என்பது எனக்குத் தெரியாது. செய்தித்தாளில் சுற்றிய அரிவாள்மணையை நீட்டினார். வார்னிஷ் பூசியிருந்தார்கள். சீட்டும் அப்படியே இருந்தது. மூக்கம்மாள் அதை வாங்கவில்லை.

"கீழே வைங்க சார். அதுல உக்காருங்க."

"என்னது?"

"மணி ரெண்டாச்சு சார்."

உட்கார்ந்தார். இறுக்கமான கால்சட்டை, கால் மடங்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"எண்ணெய்க் கத்திரிக்காயை என்ன செய்யணும் சார்? வெட்டவா, நறுக்கவா, கீறவா?"

"எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணா! ஏலே இவளுகளா, கேட்டீகளா? காம்பு விடாமக் கீறணும் சார். சரி, கீரையை? வாழைத்தண்டை? வேணாம், உங்க ஜூலியனையே அரிங்க."

கேரட் அலகில் வழுக்கி உருண்டு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் விரல் அலகுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது.

"போதும், எந்திரிங்க. பந்திக் காயில ரத்தம் படக்கூடாது."

முடிந்தது என்று நினைத்து அவர் எழுந்தார். மூக்கம்மாள் அவர் கொண்டுவந்திருந்த தோல் உறையைக் காட்டினார். அதில் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த அவருடைய செஃப்ஸ் நைஃப் இருந்தது. அதை யாரையும் தொட விடமாட்டார்.

"அதை அந்தச் சுவத்து ஆணியில மாட்டுங்க. சீட்டையும் கட்டுங்க."

"மூக்கம்மா, அன்னைக்கு நான் பண்ணினது தப்புதான்."

"ஆமா, தப்புதான். மாட்டுங்க."

"எப்ப திரும்ப எடுத்துக்கலாம்?"

"பன்னிரண்டுக்கும் ஸ்பெல்லிங் கேட்டு வச்சிருக்கேன். இன்னொரு நாள் இவளுக முன்னால வந்து நின்னு சொல்லுங்க, பார்ப்போம்."

2.20க்கு அவரே மாட்டினார், சீட்டையும் அவரே கட்டினார். 2.25க்கு நாற்பத்தோரு அலகுகளும் ஓடத் தொடங்கின. 7.05க்குக் காய் முடிந்தது. மறுநாள் பந்தியில் ஒரு குறையும் இல்லை.

வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுக்க மூக்கம்மாளுக்கு மூன்று நாள் ஆனது. இன்று 2010 மார்ச் 3. அந்த மணையில்தான் இப்போதும் அரிகிறார். வைகுண்டராஜ் கம்பத்துக்கு மறுபடி வரவில்லை. கத்தியைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். "அவரையே வரச் சொல்லுங்க," என்று மூக்கம்மாள் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் அந்த ஆணியில் தொங்கும் கத்தியில் துரு ஏறவில்லை, நல்ல இரும்பு. மண்டபத்துச் சாமான் பட்டியலில் அதை நான் சேர்க்கவில்லை. அது மண்டபத்துச் சாமான் அல்ல.