அக்காவின் சந்தேகமும் டிரெய்லரின் அடிப்பலகையும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய உழைப்பைப் பற்றியும், மகள் செல்வியைத் தனியாளாக நின்று ஆளாக்கியதைப் பற்றியும் உறவினர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அக்காவோடு ஒரு நாள் பழகியவர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சந்தேகம்தான். அதை வேறு யாரும் எழுதமாட்டார்கள். கூடப் பிறந்தவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன். எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

அக்கா பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில். ஏரியை ஒட்டிய எங்கள் நிலத்தில் கோடை வந்தால் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த மண்ணோடு மல்லுக்கட்டியே எங்கள் நைனா ஓய்ந்துபோனார். நான் பிறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. அடுத்த ஆண்டே அம்மா இறந்துவிட, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா வளர்ந்தார். திருப்பாலைவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், “என் தம்பியும் என்கூடத்தான் வருவான். அதுக்குச் சம்மதம்னா மேல பேசுங்க” என்று அவரே வாய்திறந்து சொன்னாராம்.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். நல்ல மனிதர். நெல் விவசாயம். பாங்கிக் கடனில் டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினார். வாங்கி இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஒரு விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள் பங்காளி ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும்.

“பொம்பள நீ வண்டிய வெச்சிகினு இன்னாம்மா பண்ணுவே? சாவியக் குடு, நான் பாத்துக்கறேன்” என்றார்.

“ஓட்டத் தெரியாதவருக்குச் சாவி இன்னாத்துக்கு?” என்று கேட்டார் அக்கா.

அன்று தொடங்கியது அவருடைய சந்தேகம். பால்காரர் ஊற்றும் பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். உர மூட்டையின் தையல் பிரித்துத் தைக்கப்பட்டதா என்று தடவிப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் நடத்துநரிடம் ஒரு முறையும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முறையும் ஊர்ப் பெயரைக் கேட்பார். மாமா காலத்திலிருந்தே டிராக்டர் ஓட்டிய முனுசாமி அண்ணன் டீசல் ஊற்றும்போதும் பக்கத்தில் நிற்பார். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்.

டிரெய்லர் வாங்கியபோது அதற்கு அடித்தளம் போட்டவர் எங்கள் ஊர் ஏகாம்பரம் ஆசாரி. நல்ல மருதம் பலகை. பத்து வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேச்சே இருக்காது என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். நாலாவது ஆண்டு நடவுக் காலத்தில் அது உடைந்தது.

அன்று காலை ஏழெட்டுப் பெண்கள் நாற்றுக்கட்டுகளோடு டிரெய்லரில் உட்கார்ந்திருந்தார்கள். வரப்பு ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் பலகை முறிந்து, செங்கேணி என்ற பெண்ணின் கால் முழங்காலுக்கு மேல்வரை உள்ளே போய்விட்டது. அலறல் கேட்டு முனுசாமி அண்ணன் வண்டியை நிறுத்தியிராவிட்டால் காலே போயிருக்கும். ஆனாலும் சதை கிழிந்து எலும்பு முறிந்தது. வயலிலிருந்து ஓடிவந்த அக்கா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலை மடியில் வைத்தபடியே போனார். செங்கேணி எழுந்து நடக்கும்வரை அவர் வீட்டுக்குச் சோறு எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா வீட்டுக்கு வரவில்லை. நேராக ஆசாரியின் பட்டறைக்குப் போனார்.

“மருதம்னு சொல்லி இன்னா மரத்தப் போட்டே? செத்தவருக்கு மரம் பாக்கத் தெரியாதுன்னு தைரியமா?”

தெருவே கூடிவிட்டது. ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

“என் கை பட்ட பலகை நாலு வருஷத்துல இத்துப்போவாதும்மா. அந்தப் பலகைய நான் ஒருதரம் பாக்கணும்.”

“பாத்து இன்னா சொல்லுவே? மழை மேல பழியப் போடுவே.”

அதன்பிறகு ஊரில் பலர் ஆசாரியிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் டிரெய்லர் வாரத்துக்கு ஓரிரு முறை வைக்கோலும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகும். கூடப் போவது என் வேலை. வரும்போது வண்டி காலி. அந்த நாளில் இறாலுக்கு நல்ல கிராக்கி. ஏரிக்கு அக்கரையிலிருந்த லைட்ஹவுஸ் மீனவக் குப்பத்திலிருந்து படகில் இக்கரைக்கு வரும் இறால் கூடைகளைப் பொன்னேரி சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஏஜெண்டுக்கு வண்டி தேவைப்பட்டது. அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்த இருபத்திரண்டு வயதில், எனக்கென்று ஒரு வரும்படி வேண்டும் என்ற ரோஷம் எனக்கு. இரண்டு ஆண்டுகள், அக்காவுக்குத் தெரியாமல், உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஒழுகும் கூடைகளை அந்தப் பலகையின் மேல் ஏற்றினேன். வாடை தெரியாமல் இருக்க வைக்கோலைப் பரப்பி, பிறகு வாய்க்காலில் கழுவிவிடுவோம். முனுசாமி அண்ணன், “வேணாம் தம்பி, இரும்பெல்லாம் தின்னுபூடும்” என்று பலமுறை சொன்னார். கேட்கவில்லை. உப்பு ஏறிய பலகை காய்வதே இல்லை. போல்ட்டுகள் துருப்பிடித்து, அவற்றைச் சுற்றியிருந்த மரம் இற்றுப்போயிற்று.

செங்கேணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஆசாரி தெருவில் தலைகுனிந்து நின்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமல்ல. தளம் போட்டதும் மறுபடி வருகிறேன் என்று ஏஜெண்டிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அக்கா புதிய தளத்துக்குப் பொருள் தேட ஆரம்பித்தார். பட்டணத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி பிளைவுட் துண்டு ஒன்றைக் காட்டி, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார். அக்கா அந்தத் துண்டை வாங்கி மாட்டுத்தொட்டியில் கல்லைக் கட்டி அமிழ்த்திவைத்தார். பதினைந்தாம் நாள் எடுத்தபோது அது பழைய நோட்டுப் புத்தகம்போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. பொன்னேரி இரும்புக்கடையில் தகட்டைக் காட்டினார்கள். ஓரத்தில் தடிமனாக இருக்கிறது, நடுவில் இளைத்திருக்குமோ என்று அதையும் தட்டித் தட்டிப் பார்த்தார். “வெயில்ல இதுமேல பொம்பளைங்க எப்டி உக்காருவாங்க?” என்றும் கேட்டார். ஆனாலும் மரத்தின் மேலும் ஆசாரியின் மேலும் நம்பிக்கை போய்விட்டதால் கடைசியில் இரும்புக்கே சாய்ந்தார். உப்புத் தண்ணீர் இரண்டு மழைக்காலம்கூட அந்தத் தகட்டை விட்டுவைக்காது என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன்.

இரும்புக்கு முன்பணம் கொடுக்கும் முன், யாரோ சொன்னார்கள் என்று பழவேற்காட்டில் படகுக்கு மரம் விற்கும் இபுராஹிம் பாயின் கடைக்குப் போனோம். உடைந்த பலகையில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி அக்கா கொண்டுவந்திருந்தார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போல்ட் இருந்த ஓட்டையில் விரலை விட்டுச் சுரண்டினார்.

“இதுல மீனு ஏத்துவியாம்மா?”

“நெல்லு, வைக்கோலு, எரு. அவ்ளோதான்.”

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். “மருதந்தான். நல்ல மரம். அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியல” என்று துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸுக்காக ஏரிக்கரையில் நின்றோம். அக்கா துணியைப் பிரித்தார். பலகையிலிருந்து ஒரு சிராயைப் பிய்த்து நாக்கில் வைத்தார். உப்புப் பூத்த மண்ணை வாயில் போட்டுப் பார்த்து விதைக்கலாமா என்று சொல்லும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிறகு இன்னொரு சிராயைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

“நாக்குல வெச்சுப் பாரு.”

வைத்தேன். கரித்தது.

“இன்னாடா தெரியுது?”

“ஒண்ணும் தெரியலயேக்கா.”

அக்கா பஸ்ஸில் வழிநெடுக ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் காலை முனுசாமி அண்ணன் வேலைக்கு வந்ததும் அக்கா அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். “பலகையில உப்பு ஏறிக் கீது. வண்டிய ஓட்டினது நீ. நாளையிலேந்து வராதே.” முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்கே தெரியும்டா. நாக்குல வெச்சதும் உன் மூஞ்சி சுளிச்சுது. வாய் மட்டும் பொய் சொல்லிச்சு.”

“அப்புறம் இன்னாத்துக்குக்கா முனுசாமி அண்ணன நிறுத்தினே?”

“நீ எத்தினி நாளு கம்முனு இருப்பேன்னு பாக்கத்தான்.” வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மூணு நாளு இருந்துட்டியேடா” என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு முதலில் முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தார். பிறகு ஆசாரியின் பட்டறை. உள்ளே போகாமல் நடுத்தெருவிலேயே நின்றார். “திட்டினது தெருவுல. மன்னிப்பும் தெருவுலதான் கேக்கணும்” என்று சொல்லி, அன்று எவ்வளவு உரக்கத் திட்டினாரோ அவ்வளவு உரக்க, தவறு தன் வீட்டில் நடந்தது என்று சொன்னார். என்னையும் சொல்லவைத்தார். ஆசாரி, “அந்தப் பலகையக் கொண்டாந்து காட்டுங்கன்னு அன்னிக்கே கேட்டேனே” என்று மட்டும் சொன்னார். கடைசியாகச் செங்கேணி வீட்டுக்குப் போனோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “அக்கா மொகத்துக்காக வுடறேன்” என்றார். அவர் இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

இரும்புத் தகடு கைவிடப்பட்டது. பாயின் கடையில் வேங்கைப் பலகைகளை அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினார், முனையில் தண்ணீர் விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்த்தார், பிடித்த பலகைகளில் எல்லாம் கத்தியால் ஒரு கீறல் போட்டார். “இன்னாம்மா, மரத்துக்கிட்ட கையெழுத்து வாங்கறியா?” என்று பாய் சிரித்தார். “வழியில மாறிடக் கூடாதுல்ல” என்றார் அக்கா, சிரிக்காமல்.

ஆசாரி ஒரு கேள்வி கேட்டார். “நெல்லு மட்டும்னா பலகைய நெருக்கிப் போடலாம். மீன் தண்ணி வடியணும்னா விரல்கடை இடம் வுடணும். அப்போ இடுக்குல நெல்லு கொட்டும், படுதா விரிக்கணும். இன்னாம்மா பண்றது?”

“இனிமே சத்தியமா ஏத்த மாட்டேன்க்கா” என்றேன் நான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் சொன்னார்: “இவன் ஏத்துவான்னே வெச்சிகினு போடு.”

அப்படியே இடம் விட்டு, அடியில் தார் பூசி, துருப்பிடிக்காத பூச்சுப் போட்ட போல்ட்டு முடுக்கி அந்தத் தளம் போடப்பட்டது. நான் அதில் ஒரு கூடைகூட ஏற்றவில்லை. ஆனாலும் பழவேற்காட்டிலிருந்து வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் அக்கா வந்து குனிந்து மோந்து பார்த்தார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் பார்த்தார். டிராக்டரையும் டிரெய்லரையும் விற்றபோது வாங்கியவர் முதலில் கேட்டது, இந்தத் தளத்தைப் போட்ட ஆசாரி யார் என்றுதான்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் நோய் கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. கேட்காமலே கூடவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடந்த முனுசாமி அண்ணனுக்கும், கடையை மூடிவிட்டு இருமுறை பார்க்க வந்த இபுராஹிம் பாய்க்கும், இறுதிச் சடங்குக்கு வேண்டிய மர வேலைகளைத் தாமே முன்வந்து செய்த ஏகாம்பரம் ஆசாரிக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட செங்கேணிக்கும் நன்றி. இந்த நால்வருக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

செல்வி, உன்னிடம் நான் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. அக்காவிடம் வெறும் வயிற்றுப் புண் என்று சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா” என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். தலையாட்டினேன். நீ மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் அக்கா தலையணையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“டாக்டரு சொல்றதும் சரியில்ல, செல்வி சொல்றதும் சரியில்ல. அந்தக் காகிதத்த நீ படி.”

படித்தேன். ஒரு வரியும் விடாமல் தமிழில் சொன்னேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அக்கா காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த வார்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். வேறு யாரிடமும் அதைக் கொடுத்து மறுபடி ஒரு முறை படிக்கச் சொல்லவில்லை.